இறக்கையைப் பற்றிக் கேட்காதே

பிளாவன், கிழக்கு ஜெர்மனி, 15 அக்டோபர் 1972

அன்புள்ள அண்ணனுக்கு, ரோஸ்விதா எழுதுவது.

இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். மியூனிக்கில் நீயும் அண்ணியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய காபிப் பொட்டலம் பிரிக்காமலே வந்து சேர்ந்தது. பிரித்திருந்தாலும் நன்றாகத் திருப்பி ஒட்டியிருந்தார்கள்.

உன் மைத்துனர் எக்கார்ட்டுக்கு இடுப்பு வலி. சிக்னல் கூண்டுக்கு ஏணிப்படி ஏற முடியவில்லை, ஆனால் ரயில்வேயில் கீழே வேலை இல்லை என்கிறார்கள். மகள் கெர்ஸ்டின் இந்த வருஷம் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். லைப்சிக்கில் டாக்டருக்குப் படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறாள். எலும்புகளின் பெயரை லத்தீனில் சொல்லிக்கொண்டே உருளைக்கிழங்கு உரிக்கிறாள். எனக்குத் திரைச்சீலை ஆலையில் அதே கணக்குப் பிரிவு, அதே நாற்காலி.

அண்ணா, உன் வேலையைப் பற்றி நீ எழுதுவதே இல்லை. மூன்று நாடுகள் சேர்ந்து செய்யும் அந்த விமானத்தின் இறக்கை மடங்குமாமே. அது எப்படி என்று ஒரு கடிதத்தில் எழுதேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.
ரோஸ்விதா


மியூனிக், மேற்கு ஜெர்மனி, 12 நவம்பர் 1972

அன்புத் தங்கைக்கு ரைன்ஹோல்டின் முத்தங்கள்.

நாங்கள் சுகம். அண்ணிக்கு மட்டும் பல் வைத்தியர் வாரம் ஒரு முறை. எக்கார்ட்டை இடுப்பில் வெந்நீர் ஒத்தடம் வைத்துக்கொள்ளச் சொல்.

உன் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். சின்ன வயதில் நான் காகித விமானம் விட்டால் ஜன்னலைச் சாத்துகிறவள் நீ. இருபத்தைந்து வருஷம் கழித்துக் கேட்டிருக்கிறாய், சொல்கிறேன். பத்திரிகையில் வந்ததை மட்டும்தான் சொல்ல முடியும்.

மெதுவாக ஏறவும் இறங்கவும் இறக்கை விரிந்திருக்க வேண்டும். வேகமாகப் போக அது பின்னால் மடங்கி உடலோடு ஒட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொரு இறக்கையும், கதவு கீலில் திரும்புவது போல, ஒரே ஒரு முளையில் மாட்டியிருக்கிறது. விமானத்தின் முழுப் பாரமும் அந்த இரண்டு முளைகளில். இரண்டையும் தாங்கும் நடுப்பெட்டிதான் எங்கள் பிரிவின் வேலை. இறக்கைக்குக் கீழே தொங்குகிறவை எல்லாம், இறக்கை எவ்வளவு மடங்கினாலும், நேராக முன்னால்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு தனிக் கூட்டமே இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது.

மூன்று நாட்டுக்காரர்களும் ஒரே மேசையில். விமானத்தில் ஒருவரா இருவரா என்று முன்பு ஒரு சண்டை. இங்கிலாந்தின் லங்காஷயர்காரர் எண்ட்விசில் சொன்னார்: "ரெண்டு பேர் வேணும்யா. ஒருத்தன் ஓட்டணும், ஒருத்தன் வழி சொல்லணும்." இத்தாலியின் டூரினிலிருந்து வந்த பெர்த்தோலினோ பேனாவை மூடிக்கொண்டே, "எங்க வீட்டுக் காரும் அப்படித்தான். ஆனா அதிகாரம் வழி சொல்றவளுக்குத்தான்," என்றார். அன்றைய குறிப்பில் இது ஏறவில்லை. ஒரு நாடு விலகினால் மற்ற இரண்டும் செலவில் முழுகிவிடும், அதனால் யாரும் விலக முடியாது. "மூணு பேரும் ஒரே லிஃப்ட்ல மாட்டிக்கிட்டோம்," என்பார் எண்ட்விசில்.

கெர்ஸ்டினுக்கு ஒரு நல்ல உடற்கூறு வரைபடப் புத்தகம் அனுப்புகிறேன்.
உன் அண்ணன்


பிளாவன், 21 ஜனவரி 1973

அன்புள்ள அண்ணனுக்கு,

புத்தாண்டு நல்லபடியாகப் பிறந்தது. கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய ஸ்டொல்லன் ரொட்டி உடையாமல் வந்ததா? கெர்ஸ்டினுக்கு இடம் கொடுப்பதைப் பற்றி மேலே நல்லவிதமாக யோசிக்கிறார்களாம். முதலில் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும், அதற்குப் பிறகு லைப்சிக்.

உன் கடிதம் மிகவும் சுவாரசியமாக இருந்தது. இறக்கை முழுதாக மடங்கும்போது கோணம் எவ்வளவு? நடுப்பெட்டி என்ன உலோகத்தால் ஆனது, அதை எந்த முறையில் பற்றவைக்கிறார்கள்? முளையின் தேய்மானச் சோதனையில் என்ன முடிவு கிடைத்தது? உன்னோடு வேலை செய்பவர்களில் யாருக்கு மனக்குறை, யாருக்குக் குடிப்பழக்கம், யாருக்குக் குடும்பத்தில் பிரச்சினை என்றெல்லாம் எழுது. உன் நண்பர்களைத் தெரிந்துகொள்ள ஆசை.

பனி முழங்கால் வரை.
ரோஸ்விதா


மியூனிக், 8 ஏப்ரல் 1973

அன்புள்ள ரோஸ்விதா,

பதில் தாமதத்துக்கு வருந்துகிறேன். வேலை அதிகம். இருவரும் நலம்.

அலுவலக விஷயங்கள் பொதுவாகச் சலிப்பூட்டுபவை, அவற்றைக் கடிதத்தில் எழுதும் வழக்கத்தை விட்டுவிட்டேன். நீயும் இனி இறக்கையைப் பற்றிக் கேட்காதே. தோட்டத்தில் துலிப் பூத்திருக்கிறது. ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பியிருக்கிறேன்.

எக்கார்ட்டுக்கும் கெர்ஸ்டினுக்கும் என் வாழ்த்துகள்.
ரைன்ஹோல்ட்


பிளாவன், 20 மே 1973

அன்புள்ள அண்ணா,

ஆரஞ்சு வந்தது, நன்றி. மேல்வீட்டு ஒட்டிலி அம்மாவுக்கு நான்கு கொடுத்தேன். தோலைக்கூட விடாமல் சர்க்கரை போட்டுக் கிளறிவிட்டார்.

இவ்வளவு சின்னக் கடிதம் நீ எனக்கு எழுதியதே இல்லை. கோபமா? ஏதாவது எழுது. பெரிதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீ ஒன்றுமே எழுதாவிட்டால் இங்கே எல்லாருக்கும் வருத்தமாக இருக்கிறது. எக்கார்ட்டும் அப்படித்தான் சொல்கிறார். கெர்ஸ்டின் தேர்வை முடித்துவிட்டாள், முதல் தரம்.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்
ரோஸ்விதா


(ஹோஃப் தபால் முத்திரை, 9 ஆகஸ்ட் 1973)

அண்ணா,

இது தபாலில் பிளாவனிலிருந்து வரவில்லை. ஒட்டிலி அம்மாவுக்கு அறுபத்து மூன்று ஆகிறது. ஓய்வு பெற்றவர்களை எல்லை தாண்ட விடுகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஹோஃபில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார். இடுப்புப் பட்டைக்குள் இதைத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். "எனக்கு இருக்கிற சுற்றளவுல இன்னும் ரெண்டு கடுதாசி போகும்டி," என்றார்.

சுகம் விசாரிக்கப் பக்கம் இல்லை, நேராகச் சொல்கிறேன். போன செப்டம்பரில் ஆலையில் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் வெளியே போய்விட்டார். உளவுத் துறையிலிருந்து வந்த குனாத் என்று ஒருவர் இருந்தார். நாற்பது வயது, மரியாதையான ஆள், எழுந்து நின்று கை கொடுத்தார்.

"உங்க அண்ணன் பெரிய ஆளுங்கம்மா. நீங்க பெருமைப்படணும்."

"பட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எதுக்குன்னு பெருமைப்படுவீங்க? அவர் என்ன பண்றாருன்னே உங்களுக்குத் தெரியாதே."

"தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன். திரைச்சீலை மீட்டர் கூட்டறதுக்கே எனக்குத் தலை சுத்துது."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். கேளுங்க, போதும். தங்கச்சி கேட்டா அண்ணன் சொல்லாமலா இருப்பாரு?" என்றார். கோப்பில் ஒரு தாளைத் திருப்பினார். "பொண்ணு டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுதாமே. நல்ல மார்க்கு. ஆனா இடம் கொஞ்சம்தானேம்மா."

அவ்வளவுதான். மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. மாதம் ஒரு முறை கேக்கோடு வீட்டுக்கு வந்தார். அக்டோபர் கடிதத்தின் கடைசிப் பத்தி அவருடையது. ஜனவரிக் கடிதத்தில் பாதி அவருடையது. நம் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேர்கோட்டுல எழுதாதீங்க, வழக்கம்போல கொஞ்சம் கோணலா எழுதுங்க," என்றார். கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி கோணலாக எழுதிக் கொடுத்தேன்.

எக்கார்ட்டிடம் அழுதேன். "எழுதிக் குடுத்துடு. உங்க அண்ணன் என்ன முட்டாளா, சொல்லிடுவானா? நாம கேட்டோம்னு ஆகட்டும், அதோட விட்ருவாங்க," என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். நீ பதில் சொல்லமாட்டாய் என்று நம்பித்தான் கேட்டேன், அண்ணா. ஆனால் ஏப்ரலில் உன் துண்டுக் கடிதம் வந்ததும் குனாத் கேக்கைத் தொடவில்லை. "அவரு உஷாராயிட்டாரு. நீங்க ஏதாவது குறிப்பு காட்டினீங்களா?" என்றார். இல்லை என்றேன். "நம்பறேன்," என்றார். நம்பவில்லை.

நீ பதில் சொன்னால் உனக்குச் சிறை. நீ எழுதாமல் விட்டால் நான் எச்சரித்தேன் என்று ஆகும். நான் மாட்டேன் என்றால் கெர்ஸ்டின் போச்சு. அவளுக்கு ஒன்றும் தெரியாது. உன்னை என்ன செய்யச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதையாவது எழுதியிருப்பேன்.

ஒட்டிலி அம்மா இருபதாம் தேதி வரை ஹோஃபில் இருப்பார். ஒரே ஒரு தாள் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்கிறார். ஒன்றுதான். முகவரி பின்னால்.
ரோ.


மியூனிக், 16 ஆகஸ்ட் 1973

ரோஸி,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. காரை எடுத்துக்கொண்டு நானே ஹோஃபுக்குப் போய் ஒட்டிலி அம்மாவிடம் கொடுக்கிறேன்.

நீ சொன்னாய், நானும் சொல்கிறேன். ஏப்ரல் கடிதம் என்னுடையது இல்லை. உன் ஜனவரிக் கடிதம் வந்த மறுநாளே எங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் அதைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். வைக்காமல் இருந்து பின்னால் தெரிந்தால் நான் தொலைந்தேன். உன்னைக் காட்டிக்கொடுத்தது போலத்தான் இருந்தது. அவர் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு என் பதிலைத் திருத்தினார். துலிப் பூ மட்டும் என்னுடையது.

நேற்று மறுபடி கூப்பிட்டார். "ரெண்டு வழி இருக்கு. எழுதறத அடியோட நிறுத்திடுங்க. இல்லன்னா எழுதுங்க, நாங்க குடுக்கிறத எழுதுங்க."

"அது பொய்யா இருக்கும்."

"பாதி உண்மையா இருக்கும். பாதிதான் பொய்."

"பொய்யின்னு அவங்க கண்டுபிடிக்கற அன்னைக்கு என் தங்கச்சி கதி?"

"அது நம்ம கையில இல்லீங்களே," என்றார். கெட்டவர் இல்லை அவர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் வழியில் நீ மாட்டுகிறாய். இரண்டாவதில் இன்னும் மோசமாக மாட்டுகிறாய். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை அவர் சொல்லவில்லை. யோசிக்க ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். இனிச் சாதாரணத் தபாலில் நான் என்ன எழுதினாலும் அது உண்மையாகவே இருக்கும். அதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்.

நீ கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.
ரை.


ரோசன்ஹைம், 18 நவம்பர் 1973

அன்புள்ள ரோஸ்விதா, எக்கார்ட், கெர்ஸ்டின், இன்னும் இதைப் படிக்கும் அனைவருக்கும்,

இங்கே சுகம். புது முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடு மாறிவிட்டோம், வேலையும் மாறிவிட்டேன். நாற்பத்தாறு வயதில் விமானச் சத்தம் அலுத்துப்போயிற்று. நவம்பர் முதல் தேதியிலிருந்து பால்பண்ணைகளுக்குக் குளிர்தொட்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். பழைய இடத்தில் நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது போனால் என்னை வாசல் காவலாளியைத் தாண்டி விடமாட்டார்கள்.

நீ என் வேலையைப் பற்றி ஆர்வமாகக் கேட்பவள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். தொட்டி ஆயிரத்து இருநூறு லிட்டர் கொள்ளும். கறந்த பாலை மூன்று மணி நேரத்துக்குள் நான்கு டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். துருப்பிடிக்காத எஃகு, உள்சுவர் இரண்டு மில்லிமீட்டர். கலக்கும் துடுப்பு நிமிஷத்துக்கு முப்பது சுற்று. வேகமாகச் சுற்றினால் வெண்ணெய் திரண்டுவிடும். என்னோடு வேலை செய்கிறவர்கள் நான்கு பேர். ஒருவருக்கும் மனக்குறை இல்லை. ஒருவர் குடிப்பார், ஆனால் பால்.

கிளம்புகிற அன்று எண்ட்விசில் மாடிப்படியில் மறித்துக்கொண்டார். "ஏன்யா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இன்னும் ஒரு வருஷத்துல பறக்கப் போவுது. நாலு வருஷம் கூட இருந்துட்டு இப்பவா இறங்குவ?"

"முதுகு வலி," என்றேன்.

"முதுகு வலிக்கு யாராவது பால் விக்கப் போவாங்களா?"

அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன். பெர்த்தோலினோ ஒன்றும் கேட்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அண்ணிக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது, மலை தெரிகிறது.
ரைன்ஹோல்ட்


பிளாவன், 10 மார்ச் 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை நவம்பரிலேயே படித்துவிட்டோம். பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். எக்கார்ட் இப்போது தடியோடு நடக்கிறார். கீழேயே ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள், டிக்கெட் கவுண்டரில்.

முன்பு மாதம் ஒரு முறை கேக்கோடு வந்துகொண்டிருந்த நண்பர் இப்போது வருவதில்லை. கடைசியாக டிசம்பரில் வந்தார். பால்தொட்டியைப் பற்றிப் படித்துவிட்டு, கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கெர்ஸ்டினுக்கு லைப்சிக்கிலிருந்து பதில் வந்துவிட்டது. இடம் இல்லை. காரணம் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸாகவே தொடரலாம் என்று ஒரு வரி இருந்தது. அவள் என்னிடம், "நீதான் யார்கிட்டயோ எதையோ சொல்லியிருக்க. உனக்கு வாயே அடங்காது," என்றாள். அதற்குப் பிறகு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

நீ தொட்டிகளோடு நன்றாக இரு. உன்னை நினைக்காத நாள் இல்லை.
ரோஸ்விதா


ரோசன்ஹைம், 25 ஆகஸ்ட் 1974

அன்பு ரோஸிக்கு,

உன் கடிதத்துக்கு ஐந்து மாதமாகப் பதில் போடவில்லை. கெர்ஸ்டினைப் பற்றி என்ன எழுதினாலும் பொய்யாகத் தெரிந்தது, கிழித்துப்போட்டேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பத்து நாளைக்கு முன் அந்த விமானம் முதல்முறை பறந்தது. எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது, ஆகவே எழுதலாம். பறக்கப் போகிறது என்று பேச்சு அடிபட்டதும் லீவு போட்டுவிட்டு மான்ஷிங் விமானத் தளத்துக்குப் போனேன். வேலிக்கு வெளியே, பீட்ரூட் வயலோரமாக, காரை நிறுத்தினேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அது இரைச்சலோடு எழும்பி எங்கள் தலைக்கு மேலே போயிற்று. பக்கத்தில் நின்ற விவசாயி கேட்டார்:

"இதுல என்னங்க அதிசயம்? எல்லா விமானம் மாதிரியும்தான் இருக்கு."

"இதோட றெக்கை மடங்கும்."

"எங்க மடங்குது?"

"இன்னைக்கு மடக்க மாட்டாங்க. முதல் நாள் விரிச்சேதான் வெச்சிருப்பாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல படிச்சேன்."

அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. வேலிக்கு உள்ளே எல்லாரும் கை குலுக்கிக்கொள்வது தூரத்தில் தெரிந்தது. எண்ட்விசிலின் வழுக்கை தெரிந்தது போல இருந்தது. கூப்பிடவில்லை. திரும்பி வரும்போது அண்ணிக்குக் கொஞ்சம் ப்ளம்ஸ் வாங்கிக்கொண்டேன்.

கெர்ஸ்டினுக்கு என் அன்பைச் சொல். வாங்கிக்கொள்வாளோ என்னவோ.
உன் அண்ணன்


(ஹோஃப் தபால் முத்திரை, 3 அக்டோபர் 1974)

அண்ணா,

இதையும் ஒட்டிலி அம்மாதான் கொண்டுவருகிறார். இந்தத் தடவை அவர் திரும்பி வரமாட்டார்.

போன வாரம் குனாத் மறுபடி வந்தார். கேக் கொண்டுவந்திருந்தார். "உங்க அண்ணன் விஷயம் முடிஞ்சுபோச்சும்மா, அத விடுங்க. மேல்வீட்டு அம்மா அடிக்கடி ஹோஃப் போறாங்களே. எப்பப் போறாங்க, எதக் கொண்டுபோறாங்க, அத மட்டும் சொன்னீங்கன்னா போதும். பொண்ணு இன்னொரு தடவை விண்ணப்பம் போடலாமே." நீ அந்த நடுப்பெட்டியை விட்டுவிட்டு வந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு வேண்டியது உன் இறக்கை மட்டும் இல்லை. கேட்டால் சொல்கிற ஆள் ஒன்று வேண்டும், அது நான்.

"பாக்கறேன்," என்றேன். அவர் தெருமுனை திரும்பியதும் மாடி ஏறி ஒட்டிலி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அப்ப நான் பூனையையும் எடுத்துட்டுப் போகணும்," என்றார். பூனையை எல்லையில் விடமாட்டார்கள். இப்போது அது எங்கள் வீட்டில்.

அன்று மாலை கெர்ஸ்டினை ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்து, எல்ஸ்டர் ஆற்றோரமாக நடக்கக் கூட்டிப்போனேன். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தச் செப்டம்பரிலிருந்து நடந்தது, உன் வேலை, அவள் இடம், எல்லாவற்றையும் சொன்னேன். பாலம் வந்ததும் அவள் நின்றாள்.

"ஏம்மா முதல்லயே சொல்லல? ஆறு மாசமா உன்கூட பேசாம இருந்தேனே."

"சொன்னா நீ கேட்டுப்பியோ என்னவோன்னு பயம்."

"என்ன கேட்டுப்பேன்?"

"எனக்காக மாமாகிட்ட கேட்டுச் சொல்லும்மான்னு."

அவள் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்தாள். பிறகு, "கேட்டிருப்பேன்மா," என்றாள். அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டாள், வீடு வரைக்கும் விடவில்லை.

நாளைக்குக் குனாத் வந்தால் ஒட்டிலி அம்மா எங்கே என்று கேட்பார். எனக்குத் தெரியாது என்பேன். நம்பறேன் என்பார். அதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை, ஆலையில் வேறு பிரிவுக்குப் போடுவார்களாக இருக்கும்.

எல்லை தாண்டிக் கடிதம் கொண்டுபோக இனி எங்களுக்கு யாரும் இல்லை. நான் உனக்கு மனம்விட்டு எழுதும் கடைசிக் கடிதம் இதுதான், ரொம்ப நாளைக்கு. அடுத்த கடிதத்தில் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதியிருப்பேன். அதை அப்படியே நம்பிவிடாதே. ரொம்பக் கவலையும் படாதே.

ரோஸ்விதா